பசியின் கதை – 17: புரதம் என்ற மாயமான்

சென்ற வாரம் ஜோசப் கோல்ட்பெர்கரைப் பார்த்தோம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்கு வந்த பெல்லாக்ரா ஒட்டுவாரொட்டி அல்ல, சாப்பாட்டுக் குறையால் வருவது என்று வாதாடியே அவர் ஆயுள் முடிந்தது. 1929 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டில், அட்லாண்டிக்கின் மறுகரையில், பிரிட்டிஷாரின் கோல்ட் கோஸ்ட் காலனியில், அதாவது இன்றைய கானாவில், ஒரு பெண் மருத்துவர் பணியேற்றார். அவருக்கும் மக்காச்சோளம்தான் காத்திருந்தது. ஆனால் நோய் வேறு. வேறு என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. ஒப்புக்கொண்ட பிறகு அது செய்த காரியம் இன்னும் விசித்திரமானது. இந்த வாரக் கதை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

சிசிலி வில்லியம்ஸ் 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியில் படித்தார். முதல் உலகப் போர் ஆண்களை அள்ளிக்கொண்டு போயிருந்ததால் மருத்துவ வகுப்புகளில் பெண்களுக்கு இடம் கிடைத்த காலம் அது. 1923இல் அவர் மருத்துவரானபோது போர் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள். பெண் மருத்துவருக்கு நல்ல வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. காலனி மருத்துவப் பணிக்கு விண்ணப்பித்தார். பெண்களையும் குழந்தைகளையும் பார்ப்பதற்கென்று அனுப்பப்பட்ட அவருக்கு அக்ரா நகரில் ஒரு மருத்துவமனை கிடைத்தது: குழந்தைகளுக்கென்றே 1926இல் திறக்கப்பட்ட பிரின்சஸ் மேரி லூயிஸ் மருத்துவமனை.

அங்கே வந்த பிள்ளைகளில் ஒரு வகையை அவர் இங்கிலாந்தில் பார்த்ததில்லை. வயது ஒன்றிலிருந்து நான்குக்குள் இருக்கும். முதலில் பாதம் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு கை, முகம். கன்னம் உப்பியிருப்பதால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கொழுகொழு பிள்ளையாகத் தெரியும். தோல் கருத்துத் தடித்துப் பொருக்குப் பொருக்காக உரியும், உரிந்த இடம் சிவந்து ரணமாகும். சுருட்டை முடி நேராகி, நிறம் மங்கிச் செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வரும். எல்லாவற்றையும்விட மோசம் அந்தப் பிள்ளையின் சுபாவம். விளையாடாது, சிரிக்காது, தொட்டால் முனகும், சாப்பாட்டைத் தள்ளிவிடும். எடை போட்டாலும் உண்மை தெரியாது, உடம்பில் கோத்த நீரையும் சேர்த்துத்தானே தராசு காட்டும்! கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் மரணம்தான். பிரேதப் பரிசோதனைகளை வில்லியம்ஸ் தாமே செய்தார். கல்லீரல் பெருத்து, கொழுப்பேறி வெளுத்திருந்தது.

காலனி மருத்துவர்களில் பலர் செய்யாத ஒன்றை அவர் செய்தார். ‘இது என்ன நோய்?’ என்று உள்ளூர்ப் பெண்களிடமே கேட்டார். அவர்களிடம் பதில் தயாராக இருந்தது. அக்ரா வட்டாரத்து மக்கள் பேசும் கா மொழியில் அதற்கு ‘குவாஷியோர்கர்’ என்று பெயர். அடுத்த பிள்ளை பிறந்ததும், மடியை விட்டு இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் சீக்கு. நம் ஊர்ப் பாட்டிமார் ‘சவலை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். தாய் மறுபடி கருவுற்றதும் பால் மறக்கடிக்கப்படுகிறது. அதன்பின் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது புளித்த மக்காச்சோள மாவில் காய்ச்சிய கஞ்சி, அல்லது அதே மாவை உருட்டி இலையில் பொதிந்து அவித்த கென்கி. காலையிலும் மாலையிலும் அதுவேதான். மீனும் இறைச்சியும் வீட்டில் இருந்தாலும் சின்னப் பிள்ளையின் தட்டு வரை வந்து சேர்வதில்லை.

1933இல் குழந்தை மருத்துவ இதழொன்றில், மக்காச்சோள உணவோடு தொடர்புடைய குழந்தை நோய் என்று இதை விவரித்து எழுதினார். 1935இல் ‘லான்செட்’ இதழில் கா மொழிப் பெயரையே தலைப்பாக வைத்தார். காரணம் குறித்து அவர் எழுதியது மிகுந்த எச்சரிக்கையான வாக்கியம்: அமினோ அமிலமோ புரதமோ குறைந்திருப்பது காரணமாக இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது, அவ்வளவுதான். பின்னால் ஐக்கிய நாடுகள் சபை வரை எழுந்த மாபெரும் கட்டடத்துக்கு அஸ்திவாரம் இந்தத் ‘தள்ளிவிட முடியாது’ என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பு லண்டனிலிருந்து வந்தது. ஹியூ ஸ்டானஸ் என்பவர் பெல்லாக்ரா விஷயத்தில் பெரிய புள்ளி. ஆப்பிரிக்காவில் நியாசாலாந்தில் பணியாற்றி அந்நோயை விரிவாக ஆராய்ந்தவர். மக்காச்சோளம், தோல் உரிதல் என்று இரண்டும் சேர்ந்தால் அது பெல்லாக்ராதான், புதிதாக ஒன்றும் இல்லை என்றார் அவர். தோல் மாற்றம் வரும் இடங்கள் வேறு, வயது வேறு, வீக்கம் வேறு என்று வில்லியம்ஸ் எடுத்துக் காட்டியும் பயனில்லை. மூத்தவர் சொல்லுக்கு இருந்த எடை களத்தில் இருந்தவரின் குறிப்பேட்டுக்கு இல்லை. உகாண்டாவின் முலாகோ மருத்துவமனையில் இருந்த ஹியூ ட்ரோவெல் போன்ற திறமைசாலிகள்கூட வருடக்கணக்கில் இதைக் ‘குழந்தைப் பெல்லாக்ரா’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல்லாக்ராவுக்கான மருந்தான நிகோடினிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தும் வீங்கிய பிள்ளைகள் பிழைக்காதபோதுதான் ட்ரோவெல் மனம் மாறினார்.

இத்தனைக்கும் இது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 1906இலேயே செர்னி, கெல்லர் என்ற இரு மருத்துவர்கள், பால் இல்லாமல் மாவுக்கஞ்சியிலேயே வளர்க்கப்பட்ட ஐரோப்பியக் குழந்தைகளுக்கு வந்த நோயை ஜெர்மன் மொழியில் விவரித்திருந்தார்கள். 1926இல் பிரெஞ்சு மருத்துவர் நோர்மே வியட்நாமின் அன்னம் பகுதியில் சோற்றிலேயே வளர்ந்த பிள்ளைகளின் வீக்கத்தைப் பற்றி எழுதியிருந்தார். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் இவை ஒரே நோய் என்று தோன்றியிருக்குமா என்பது வேறு விஷயம்.

1936இல் வில்லியம்ஸ் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் கண்டது வேறு வகைக் கொடுமை. தாய்ப்பால் நன்றாகவே சுரக்கும் பெண்களிடம், அதைவிடச் சிறந்தது என்று இனிப்பூட்டிய டின் பாலை விற்றுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கலந்து நீர்க்கக் கரைத்துக் கொடுத்த அந்தப் பாலில் பிள்ளைகள் வற்றிச் செத்தன. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தபோது அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. தவறான விளம்பரத்தால் சாகும் குழந்தைகளின் மரணத்தைக் கொலை என்றே கருத வேண்டும் என்று அந்தக் கனவான்கள் முன்னால் சொன்னார். ஜப்பானியர் வந்தபின் சாங்கி சிறை முகாமில் அடைபட்டார், கெம்பெய்தாய் ரகசியப் போலீசின் பிடியில் மாதக்கணக்கில் கிடந்தார். முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பிற்காலத்தில் அவர் பெருமையோடு சொல்வதுண்டு. 1948இல் புதிதாகத் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

இதற்குள் அவர் கொடுத்த பெயர் உலகம் சுற்றத் தொடங்கியிருந்தது. 1950இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கேப் டவுனைச் சேர்ந்த ஜான் பிராக்கையும், மார்செல் ஓத்ரே என்ற பிரெஞ்சுக்காரரையும் சஹாராவுக்குத் தெற்கே அனுப்பின. போன இடமெல்லாம் குவாஷியோர்கர் இருந்தது. 1952இல் வெளியான அவர்களுடைய அறிக்கை, ஊட்டச்சத்துக் கோளாறுகளிலேயே மிகப் பரவலானதும் கொடியதும் இதுதான் என்றது. காரணம் புரதக் குறைவு என்றது. பாலைக் கொடுத்தால் வீக்கம் வடிந்து பிள்ளை தேறுகிறது, பாலில் இருப்பது புரதம், எனவே குறைந்தது புரதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பாலில் புரதத்தோடு கூடவே சர்க்கரையும் பொட்டாசியமும் பாஸ்பரசும் இன்னும் எத்தனையோ இருக்கின்றன என்பது அப்போது யாரையும் உறுத்தவில்லை.

உறுத்தாததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பால்பொடி மலைமலையாகக் குவிந்து கிடந்தது. அதை என்ன செய்வது என்று அங்கே திகைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏழை நாடுகளின் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால்பொடியே மருந்து என்று விஞ்ஞானம் சொன்னது. யூனிசெஃப் மூட்டை மூட்டையாக அனுப்பியது. இது சதி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பால்பொடியால் பிழைத்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் ஒரு கருத்து, கையிருப்புச் சரக்குக்குத் தோதாக அமைந்துவிட்டால் அதைக் குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் குறைந்துபோகிறார்கள்.

1955இல் உலக சுகாதார நிறுவனம் புரத ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் புரத வேட்டைதான். குவாதமாலாவில் இன்காப் நிறுவனத்தில் நெவின் ஸ்க்ரிம்ஷா குழுவினர் மக்காச்சோளம், பருத்திக்கொட்டை மாவு, ஈஸ்ட் எல்லாம் கலந்து ‘இன்காபரினா’ செய்தார்கள். அது ஓரளவு நிலைத்தது. இன்றும் அங்கே விற்கிறது. சிலியில் மீனை அரைத்து, வாசனை நீக்கி மாவாக்கினார்கள். வாசனை முழுதாகப் போகவில்லை, வாங்குவாரும் இல்லை. கோகோ-கோலா நிறுவனம் பிரேசிலில் சோயா பானம் ஒன்றை இறக்கிப் பார்த்தது. பிரான்சில் லாவேரா என்ற ஊரில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் கச்சா எண்ணெயின் மெழுகில் ஈஸ்ட்டை வளர்த்துப் புரதம் எடுத்தது. பெட்ரோலிலிருந்து பீஃப்ஸ்டேக் என்று பத்திரிகைகள் குதூகலித்த காலம். மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெய் எடுத்த கடலைப் பிண்ணாக்கு மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் சேர்த்துப் ‘பல்நோக்கு உணவு’ தயாரித்தது. நல்ல யோசனைதான். ஆனால் 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டமாகச் செத்து, காரணம் நிலக்கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சு என்று தெரியவந்தபோது கடலை மாவின் மேலேயே ஒரு நிழல் விழுந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். கல்லீரலைத் தாக்கும் அதுவே குவாஷியோர்கருக்கும் காரணமோ என்றுகூடப் பின்னாளில் சிலர் ஆராய்ந்தார்கள். உறுதிப்படவில்லை.

இந்த வேட்டையின் உச்சம் 1968. வரப்போகும் புரத நெருக்கடியைத் தடுக்க உலகம் என்ன செய்ய வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு ஓர் அறிக்கையே வெளியிட்டது. அதே ஆண்டில் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவை அரசுப் படைகள் சுற்றி வளைத்திருந்தன. செம்பட்டை முடியும் ஊதிய வயிறுமாக இக்போ குழந்தைகளின் படங்கள் ஐரோப்பிய வீடுகளின் தொலைக்காட்சிக்குள் வந்தன. மருத்துவப் பத்திரிகைக்குள் இருந்த குவாஷியோர்கர் என்ற பெயர் தெருவுக்கு வந்தது அப்போதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது புரதம் மட்டுமா? சாலைகள் அடைபட்டு எந்தச் சாப்பாடும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் படத்தின் கீழே எழுதப்பட்டது ‘புரதப் பட்டினி’ என்றுதான்.

நாம் இனி நீலகிரிக்குப் போகவேண்டும்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் 1918இல் ஓர் அறையில் பெரிபெரி ஆராய்ச்சியாகத் தொடங்கியதைப் பற்றி இத்தொடரின் முந்தைய பகுதிகளில் சொல்லியிருக்கிறேன். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமானது. 1940களில் அங்கே சேர்ந்த இளைஞர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். தென்னிந்தியாவில் வீங்கிய பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னையின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் எஸ்.டி. ஆச்சார் 1950இலேயே சென்னைக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் கோளாறு பற்றிப் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதியிருந்தார். கோபாலனும் கே. வெங்கடாசலமும் இந்தப் பிள்ளைகளின் நோய்க்குறிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். ஆய்வுக்கூடம் 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தபோது கோபாலனும் போனார். 1960இல் அதன் இயக்குநர் ஆனார்.

உலகமெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் ரத்தத்தையும் கல்லீரலையும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது கோபாலனின் ஆட்கள் கிராமத்துக்குப் போனார்கள். இன்னும் நோய்ப்படாத பிள்ளைகள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் பின்னால் வீங்கிக் குவாஷியோர்கர் ஆனார்கள். சிலர் வீங்காமல், எலும்பும் தோலுமாக வற்றி, மருத்துவர்கள் ‘மராஸ்மஸ்’ என்று சொல்லும் நிலைக்குப் போனார்கள். புரதக் கொள்கை சரியென்றால் முதல் கூட்டத்தின் தட்டில் புரதம் குறைவாகவும், இரண்டாம் கூட்டத்தின் தட்டில் எல்லாமே குறைவாகவும் இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு கூட்டமும் சாப்பிட்டது ஒன்றையேதான். அரிசியோ சோளமோ, கொஞ்சம் பருப்பு. புரதத்தின் விகிதத்தில் பெரிய குறையில்லை. மொத்த அளவுதான் போதவில்லை. கோபாலன் இதை 1968இல் ஒரு கட்டுரையில் விரிவாக வைத்தார். ஐக்கிய நாடுகள் சபை புரத நெருக்கடி அறிக்கை வெளியிட்ட அதே 1968.

இதை விளக்கக் கொஞ்சம் உடலியல் வேண்டும். உடம்புக்கு முதல் தேவை எரிபொருள். அது குறைந்தால், சாப்பாட்டில் வரும் புரதத்தைத் தசை கட்டப் பயன்படுத்தாமல் எரித்துவிடும். அடுப்புக்கு விறகில்லாதவன் கூரையின் உத்தரத்தை உருவி எரிக்கிற மாதிரி. அந்த நிலையில் மேலும் மேலும் உத்தரம் வாங்கிக் கொடுப்பதில் என்ன பலன்? விறகு வேண்டும், அதாவது கலோரி. கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஒரு கிராம் அளவுதான் புரதம், பசும்பாலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் குடித்தே பிள்ளை ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடையைப் போல இரு மடங்காகிறது. அரிசியில் கிடைக்கும் சக்தியில் புரதத்தின் பங்கு தாய்ப்பாலில் இருப்பதைவிடக் குறைவில்லை. தரம் சற்றுத் தாழ்வு, பருப்பு சேர்ந்தால் அதுவும் சரியாகும். பிரச்சினை எங்கே என்றால் பிள்ளையின் வயிறு சிறிது, சோறு கனமானது, அம்மா காட்டு வேலைக்குப் போய்விடுகிறாள், ஒரு நாளைக்கு இரண்டு தரத்துக்கு மேல் ஊட்ட ஆளில்லை, நடுவில் வயிற்றுப்போக்கு வேறு.

1970களின் தொடக்கத்தில் ஐதராபாத்துக்காரர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, அதன் குறும்புக்காக. கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அன்றாடம் குறைவது சுமார் 300 கலோரி என்று முன்பே கணக்கிட்டிருந்தார்கள். 23 கிராம் கோதுமை மாவு, 35 கிராம் சர்க்கரை, 10 கிராம் எண்ணெய் சேர்த்து ஒரு தின்பண்டம் செய்தார்கள். 310 கலோரி, வெறும் 3 கிராம் புரதம். புரத ஆலோசனைக் குழுவின் கண்ணில் பட்டால் மயக்கம் வந்திருக்கும். பால் இல்லை, மீன் மாவு இல்லை, லைசின் என்ற அமினோ அமிலமும் இல்லை. பதினான்கு மாதம் கொடுத்தபின் அளந்தார்கள். தின்ற பிள்ளைகள் தின்னாத பிள்ளைகளைவிட உயரத்திலும் எடையிலும் தெளிவாக முன்னே நின்றார்கள். 1973இல் முடிவு அச்சேறியது. அதே காலத்தில் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மேயும் இந்திய உணவுக் கணக்கெடுப்புகளை அலசி இதே முடிவுக்கு வந்திருந்தார்: போதுமான அளவு சாப்பிடுகிறவர்களில் புரதம் மட்டும் குறைகிறவர்கள் அரிது.

பிறகு கட்டடம் சரிந்தது. உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் குழந்தைக்கு வேண்டிய புரத அளவைக் கூட்டம்தோறும் குறைத்துக்கொண்டே வந்திருந்தன. 1973இல் வெளியான புதிய அளவை வைத்துப் பார்த்தபோது, உலகம் பயந்துகொண்டிருந்த ‘புரத இடைவெளி’ காகிதத்திலேயே காணாமல் போனது. 1974 ஜூலையில் பெய்ரூட்டில் பணியாற்றிய டொனால்ட் மெக்லாரன் ‘லான்செட்’ இதழில் ‘மாபெரும் புரதப் படுதோல்வி’ என்று தலைப்பிட்டே எழுதினார். ஆப்பிரிக்காவின் ஒரு பகுதியில் கண்டதை உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டீர்கள், நகரங்களில் புட்டிப்பாலால் வற்றிச் சாகும் குழந்தைகள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவர்களை மறந்துவிட்டீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1939இல் சிங்கப்பூரில் வில்லியம்ஸ் எச்சரித்தது இந்தக் குழந்தைகளைப் பற்றித்தான். அவருடைய இரண்டு எச்சரிக்கைகளில் ஒன்றைப் பெரிதாக்கி, மற்றதை உலகம் கைவிட்டிருந்தது. 1977இல் புரத ஆலோசனைக் குழு கலைக்கப்பட்டது.

மெக்லாரனின் அடி நியாயமானதுதான், ஆனாலும் கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். உகாண்டாவில் பிள்ளைகளுக்கு ஊட்டியது வேகவைத்து மசித்த வாழைக்காய். வேறு பல இடங்களில் மரவள்ளி. அதில் புரதம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அங்கே புரதம் உண்மையாகவே போதாது. கம்பாலாவில் இருந்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். அதைச் சோறும் சோளமும் தின்னும் ஊர்களுக்கும் அப்படியே நீட்டியதுதான் பிழை. அண்மைக் காலத்தில் மலாவி நாட்டில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ரத்தத்தில் அவசியமான அமினோ அமிலங்கள் குறைந்திருப்பதைக் கண்டபின், புரதத்தின் தரம் பற்றிய பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. படுதோல்விக்குப் பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் புரதம் என்று வாயெடுக்கவே ஊட்டச்சத்து நிபுணர்கள் கூச்சப்பட்டார்கள் என்பதும் நல்லதல்ல.

சரி, ஒரே தட்டில் சாப்பிட்ட இரு பிள்ளைகளில் ஒன்று ஏன் வீங்குகிறது, மற்றது ஏன் வற்றுகிறது? கோபாலனின் பதில்: வற்றும் பிள்ளையின் உடம்பு தன் தசையைத் தானே எடுத்துக்கொண்டு பஞ்சத்துக்கு ஈடுகொடுத்துவிடுகிறது, வீங்கும் பிள்ளையில் அந்த ஏற்பாடு முறிந்துபோகிறது. அவருடைய சகா எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியா, நைந்த கல்லீரலிலிருந்து வெளியாகும் ஃபெரிட்டின்தான் நீர் கோக்கச் செய்கிறது என்று கருதினார். ஜமைக்காவில் ஜான் வாட்டர்லோ நிறுவிய ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக்கேல் கோல்டன், உடம்பின் செல்களை அரிக்கும் தனி உறுப்பு மூலக்கூறுகளைக் குற்றம் சாட்டினார். அப்படியென்றால் அவற்றை முறிக்கும் சத்துகளைக் கொடுத்தால் நோய் வரக்கூடாது. மலாவியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. நோய் குறையவில்லை. 2013இல் அதே மலாவியில் 317 இரட்டைப் பிள்ளை ஜோடிகளை மூன்று வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளியானது. ஒரே கருப்பை, ஒரே வீடு, ஒரே சோளக்கூழ்ப் பானை. அப்படியும் 43 சதவீத ஜோடிகளில் ஒரு பிள்ளை ஊட்டச்சத்துக் குறைவில் விழ, கூடப் பிறந்தது நன்றாக இருந்தது. குவாஷியோர்கர் வந்த பிள்ளையின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியில்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றி, மலாவிச் சாப்பாட்டையே போட்டபோது எலிகள் மெலிந்தன. குடலில் குடியிருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரிகிறது. முழு விடை இன்னும் இல்லை.

விடை தெரியாவிட்டாலும் பிழைக்க வைக்கத் தெரிந்துகொண்டார்கள், அதுவும் பல உயிர்களை விலையாகக் கொடுத்து. பல பத்தாண்டுகளாக மருத்துவமனையில் சேர்ந்த கடும் நோயாளிப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவராவது இறந்துகொண்டே இருந்தார்கள். ஒரு காரணம், குறைந்தது புரதம் என்று நம்பி முதல் நாளிலிருந்தே புரதத்தை ஊட்டியது. கல்லீரல் நைந்த பிள்ளையால் அதைத் தாங்க முடியவில்லை. வீக்கத்தை வடிக்கச் சிறுநீர் மருந்து கொடுத்தது இன்னொரு காரணம். இன்றைய முறையில் முதல் சில நாள்கள் கொடுப்பது எஃப்-75 என்ற நீர்த்த பால். 100 மில்லியில் 75 கலோரி, புரதமோ 0.9 கிராம், தாய்ப்பால் அளவுகூட இல்லை. உடம்புச் சூடும் ரத்தச் சர்க்கரையும் குறையாமல் காத்து, கிருமிக்கு மருந்து கொடுத்து, உப்பைக் குறைத்து, பொட்டாசியத்தைக் கூட்டி, பிள்ளைக்கே பசி எடுத்த பிறகுதான் கெட்டியான பாலுக்கு மாறுவார்கள். 1999இல் உலக சுகாதார நிறுவனம் இதை வழிகாட்டு நெறியாக வெளியிட்டது. ஒழுங்காகப் பின்பற்றிய இடங்களில் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. 1990களில் பிரான்சில் ஆந்த்ரே பிரியாந்த், கெட்டிப் பாலுக்குப் பதிலாக நிலக்கடலைப் பசையில் பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், விட்டமின் கலந்து பொட்டலமாக்கினார். பிள்ளையை வீட்டில் வைத்தே தேற்றலாம், தண்ணீர்கூட வேண்டாம். கடலைக்கு ஒருவழியாக மறுவாழ்வு. இந்தியாவில் மட்டும் அதன் மேல் தகராறு உண்டு. 2009இல் யூனிசெஃப் கொண்டுவந்த பொட்டலங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பச் சொன்னது. உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு மாற்றாக வெளிநாட்டுப் பொட்டலமா என்ற கேள்விக்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது.

ஐதராபாத் ஆய்வுகள் எழுப்பிய இன்னொரு கேள்வி இந்த மருத்துவமனை முன்னேற்றங்களால் தீராதது. கிராமத்தில் நூறு சின்னப் பிள்ளைகளை எடுத்தால் வீங்கியோ வற்றியோ கட்டிலுக்கு வருகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் நோயாளியாகத் தெரியாமலே வளர்ச்சி நின்றுபோனவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை வேண்டாம். மாதம் ஒருமுறை தூக்கித் தராசில் வைத்து, போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். 1980இல் தமிழ்நாடு அரசு உலக வங்கிக் கடனோடு அதைத்தான் செய்யத் துணிந்தது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் சத்துணவு உருண்டை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று தாய்மார் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது? அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வேளைச் சோறு என்று அறிவித்தார். தராசும் சோற்றுப் பானையும் ஒரே ஊரில் எப்படி நடந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)